குறைந்தது, குறைந்தது, குறைந்தது... வேறு வினையே கிடையாதா?

பருத்திக்காடு

எல்லோருக்கும் வணக்கம். ஏரல் கடலைப் பற்றி ஒரு நீளமான கட்டுரையைத் தமிழில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் இருந்த ஏரி. 1960-இல் ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, உலகத்திலேயே நான்காவது பெரியது. ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளையும் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டது. அதன் பிறகு நடந்ததுதான் கட்டுரை.

என் சிக்கல் இதுதான். நீர் குறைந்தது, பரப்பு குறைந்தது, மீன் குறைந்தது, ஊரில் ஆட்கள் குறைந்தார்கள். ஒரு பக்கத்தைப் படித்தால் மளிகைக் கணக்கு மாதிரி இருக்கிறது. அலுத்துப்போய் "சுருங்கியது", "மங்கியது", "பின்வாங்கியது" என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். படித்துத் திருத்துகிறவர் "பின்வாங்கியது" மேல் கோடு போட்டு, "கடல் என்ன பட்டாளமா?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டார்.

தேய்வது, ஒடுங்குவது, பின்னால் போவது மாதிரியான வினைகளை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? சும்மா மாற்றிப் போட்டால் போதுமா, இல்லை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறதா?

ஏரல்காரன்

தலைப்பைத் திறந்ததும் பதறிப்போனேன். நான் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரல். எங்கள் ஊருக்கு எப்போது கடல் வந்தது, அது எப்போது குறைந்தது என்று நினைத்தேன். தண்ணீர் வந்தது உண்மை, 2023 டிசம்பரில். ஆனால் அந்த வெள்ளம் எங்களுக்குக் "குறையவில்லை". வடிந்தது. "வெள்ளம் வடிஞ்சிருச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வடிவது என்றால் தண்ணீர் வழி கண்டுபிடித்து வெளியேறுகிறது, தரை மறுபடி தெரிகிறது, மூச்சு விடுகிறோம். உங்கள் ஏரல் கடலுக்கு அதைப் போட முடியாது. அங்கே தரை தெரிந்ததுதான் கேடு.

அதனால் என் ஓட்டு: ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறது.

மேட்டுமடை

பொதுப்பணிக்காரர்கள் பேச்சில் இது ரொம்பத் தெளிவு. அணையில் நீர்மட்டம் சரியும் அல்லது இறங்கும். வரத்து குறையும். ஏரி வற்றும். கால்வாயில் தண்ணீர் அடிமடையோடு நிற்கும். மேட்டூரில் முழு மட்டம் 120 அடி. அது நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் முழுகிக் கிடக்கும் நந்தி தலைகாட்டும். அப்போது மேட்டூர் "வற்றிவிட்டது" என்று யாராவது எழுதினால் சிரிப்பார்கள். வற்றுவது என்றால் அடி தெரிய வேண்டும்.

ஆக முதலில் எது போகிறது என்று பாருங்கள். மட்டமா, பரப்பா, தண்ணீரேவா? மட்டத்துக்கு இறங்கு அல்லது சரி என்ற வினை. பரப்புக்குச் சுருங்கு. தண்ணீருக்கு வற்று. மூன்றையும் கலந்தால்தான் குழப்பம்.

பழையசோறு

நான் தமிழ் படித்தவள் இல்லை, சமைக்கிறவள். ஆனாலும் ஒரு சொல்லை யாரும் எடுக்கவில்லையே என்று வந்தேன். சுண்டுவது.

குழம்பை அடுப்பில் வைத்துச் சிறுதீயில் விட்டால் தண்ணீர் போகும், புளியும் உப்பும் காரமும் அப்படியே நிற்கும். அரைச் சட்டி குழம்பு கால் சட்டி ஆனதும் நாக்கில் வைக்க முடியாது. அதைக் "குழம்பு குறைஞ்சுபோச்சு" என்று சொன்னால் யாரோ எடுத்துத் தின்றுவிட்டார்கள் என்று அர்த்தம். "வற்றிப்போச்சு" என்றால் அடிபிடிக்கப் போகிறது, ஓடு என்று அர்த்தம். "சுண்டிப்போச்சு" என்றால் அளவு சிறுத்து உறைப்பு ஏறிவிட்டது.

தண்ணீர் போய் உப்பு தங்கியதா உங்கள் கடலில்? அப்படியானால் அது சுண்டியதுதான் தங்கச்சி.

பருத்திக்காடு

அக்கா, கையைக் கொடுங்கள். அதேதான் நடந்தது. 1960-இல் லிட்டருக்குப் பத்து கிராம் அளவில் இருந்த உப்பு, தெற்குப் பகுதியில் பிற்பாடு நூறு கிராமைத் தாண்டிவிட்டது. "நீர் குறைந்ததால் உப்பின் அடர்த்தி அதிகரித்தது" என்று இழுத்து எழுதியிருந்தேன். "நீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறியது" என்றால் முடிந்தது.

ஓய்களிறு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலில் இதற்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது:

"ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்
ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்"

நான்கு சொற்களுக்கும் ஒரே பொருள்: உள்ளதன் நுணுக்கம். "இல்லாமல் போதல்" என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. ஒன்று இருக்கிறது, இருந்தபடியே மெலிந்து நுணுகுகிறது. உரைகாரர்கள் காட்டும் மேற்கோள்களில் ஒன்று கலித்தொகையில் வரும் "வேனில் உழந்த வறிதுயங்கு ஓய்களிறு". கோடை வாட்டிய யானை. தேய்ந்துபோயும் யானையாகவே நிற்கிறது, கானலை நீரென்று நம்பி அலைகிறது. என் புனைபெயர் அங்கிருந்து எடுத்ததுதான். ஆய்த எழுத்துக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் இந்த நுணுக்கத்தையே காரணமாகச் சொல்வதுண்டு.

ஆக, பழந்தமிழ் முதலில் கேட்ட கேள்வி "எவ்வளவு போனது" என்பதன்று. "மிச்சம் எப்படி இருக்கிறது" என்பது. மெலிந்ததா, கூர் மழுங்கியதா, நிறம் வெளிறியதா, விசை ஓய்ந்ததா. குறை என்ற வினை வெறும் அளவைத்தான் சொல்லும், மிச்சத்தின் முகத்தைக் காட்டாது.

ஒழுங்கை

ஐயா சொன்னது நல்ல விளக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன ஒரு சேர்க்கை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் கடல் ஏறி இறங்குவதை வற்றுப்பெருக்கு என்றுதான் படித்தோம். நீங்கள் அங்கே ஓதம் என்கிறீர்கள். எங்களுக்கு வற்று என்றால் முழுக்கக் காய்ந்துபோவது மட்டும் இல்லை. காலையில் வற்றும், பிறகு பெருகும். ஆகவே மேட்டுமடை அண்ணை சொன்ன "அடி தெரிய வேண்டும்" என்ற விதி கரையோரத்தில் செல்லாது.

ஒடுங்கு என்பதும் எங்களிடம் அன்றாடச் சொல். "ஒழுங்கை போகப் போக ஒடுங்குது" என்போம், ஒழுங்கை என்றால் சந்து. அங்கே எதுவும் குறையவில்லை, அகலம்தான் சிறுக்கிறது. பருத்திக்காடு அக்கா, கடல் இரண்டாகப் பிரிவதற்கு முன் நடுவில் ஒரு நீரிணை இருந்திருக்கும்தானே? அதற்கு ஒடுங்கு போட்டுப் பாருங்கள்.

பருத்திக்காடு

இருந்தது. 1987-இல் அதுவும் அறுந்து வடக்கு ஏரல், தெற்கு ஏரல் என்று இரண்டாகப் போனது. எடுத்துக்கொள்கிறேன்.

இதுவரை சேர்ந்ததை வைத்து ஒரு பத்தி. கிழித்துப் போடுங்கள்:

"1960-களில் ஆற்றுநீரைக் கால்வாய்கள் குடித்தன. கடலின் மட்டம் இறங்க இறங்கக் கரை விலகிப் போனது. மொய்னாக் துறைமுகத்துக் கப்பல்கள் மணலில் நின்றன. நீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறி மீன்கள் மடிந்தன. நடுவே இருந்த நீரிணை ஒடுங்கி ஒடுங்கி 1987-இல் அறுந்தது. தெற்கு ஏரலின் கிழக்குப் பாதி 2014-இல் முழுவதும் வற்றியது."

ஏரல்காரன்

"குறைந்தது" ஒன்றுகூட இல்லை! "கால்வாய்கள் குடித்தன" மட்டும் கொஞ்சம் பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. "கால்வாய்களுக்குத் திருப்பினார்கள்" போதாதா?

மேட்டுமடை

பத்தி நன்றாக வந்திருக்கிறது. எனக்கு வேறொரு உறுத்தல். இறங்கியது, விலகியது, ஒடுங்கியது, வற்றியது. எல்லாம் தானாக நடந்த மாதிரி இருக்கிறது. அது தானாக நடக்கவில்லை. கடல் வற்றும் என்று தெரிந்தே செய்த வேலை. தமிழில் இதைச் சொல்ல ஓர் எழுத்து போதும். சுருங்கியது, சுருக்கினார்கள். ஒடுங்கியது, ஒடுக்கினார்கள். முடங்கியது, முடக்கினார்கள். ஙகரம் ககரமாக மாறினால் செய்தவன் வந்து நின்றுவிடுவான். அந்த வசதியை ஏன் விடவேண்டும்?

ஓய்களிறு

நல்ல கேள்வி. ஆனால் எல்லா வினைக்கும் அந்த வசதி கிடையாது. வதங்கு/வதக்கு உண்டு, மழுங்கு/மழுக்கு உண்டு, வாடு/வாட்டு உண்டு. மங்குவுக்கு இணை மக்கு என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அது குப்பைக்குப் போகும். மங்கச்செய் என்றுதான் போக வேண்டும். தேய், குறை இரண்டும் இன்னொரு வகை. தேய்ந்தது, தேய்த்தான். குறைந்தது, குறைத்தான். வினையடி மாறாது, இடைநிலைதான் ந்த், த்த் என்று மாறும். வற்றுக்கு இன்றைய வழக்கில் வற்றவை, வற்றச்செய்.

இலக்கணக்காரர்கள் இந்தத் தானாக நடக்கும் வகைக்கு வைத்த பெயரே "செயப்படுபொருள் குன்றிய வினை". பெயரிலேயே ஒரு குன்றுதல். வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்க மாட்டார்கள், எனக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் சிரிப்பு வரும்.

பழையசோறு

எல்லா வாக்கியத்திலும் "இவன்தான் செய்தான், இவன்தான் செய்தான்" என்று போனால் துண்டறிக்கை ஆகிவிடாதா?

மேட்டுமடை

ஆகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு இடம் போதும். ஆறுகளைத் திருப்பிய வாக்கியத்தில் எழுவாய் முழுசாக இருக்கட்டும்: யார், எதற்காக, எந்த ஆற்றை. அது நின்றுவிட்டால் பின்னால் வரும் இறங்கியது, வற்றியது எல்லாம் அதன் விளைவாகவே படிக்கப்படும். "சுருக்கப்பட்டது" மட்டும் வேண்டவே வேண்டாம். செய்தவனையும் சொல்லாது, படிக்கவும் கடிக்கும். அரசாணைக்கு மட்டும் பொருந்தும் வினை.

கோமுகவாசி

தாமதமாக வருகிறேன். "கடல் என்ன பட்டாளமா?" என்று கேட்ட திருத்துநருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதே நோய் பனியாறுகளிலும் இருக்கிறது. "கங்கோத்ரி பனிப்பாறை பின்வாங்குகிறது" என்று செய்திகளில் அடிக்கடி வரும். முதலில் அது பாறை இல்லை, மெதுவாக நகரும் ஆறு. இரண்டாவது, அது பின்னால் நகர்வதே இல்லை. பனி எப்போதும் மலையிலிருந்து கீழ்நோக்கித்தான் நகரும். கீழ் நுனியில் உருகுவது மேலிருந்து வந்து சேர்வதைவிட அதிகமாகிவிட்டால், நுனி இருக்கும் இடம் வருடாவருடம் மேலே போகிறது. அவ்வளவுதான். "பின்வாங்குகிறது" என்று படிக்கும் பிள்ளை, பனி நத்தை மாதிரி ஓட்டுக்குள் போகிறது என்றுதான் நினைப்பான்.

நான் "நுனி உருகி மேலேறிக்கொண்டே போகிறது" என்று எழுதுகிறேன். நீளம்தான். ஆனால் நடப்பது கண்ணில் தெரியும்.

ஒழுங்கை

அப்போ உள்வாங்கு? "கடல் உள்வாங்கியது" என்று எல்லோரும் எழுதுகிறார்களே.

கோமுகவாசி

அது அழகான சொல். ஆனால் அதற்குள் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. மூச்சை உள்வாங்கினால் வெளியே விட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று பல இடங்களில் கடல் உள்வாங்கியதைப் பார்த்து, கிடந்த மீனையும் சிப்பியையும் பொறுக்க இறங்கியவர்கள் உண்டு. போன தண்ணீர் சுவராகத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து திருச்செந்தூரிலோ ராமேஸ்வரத்திலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கொஞ்சம் உள்ளே போனால்கூட அந்தச் சொல் செய்தியாகிவிடுகிறது. ஏரல் கடலுக்கு அதைப் போட்டால், திரும்பி வரும் என்று வாசகர் காத்திருப்பார்.

ஓய்களிறு

பின்வாங்குவதிலும் திரும்பி வருவது இருக்கலாம் என்பதற்குக் குறளிலேயே சாட்சி உண்டு. "ஊக்கம் உடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" (486). சண்டைக் கிடா முட்டுவதற்கு முன் பின்னால் போகிறதே, அந்தப் பெயர்தல். அங்கே ஒடுக்கம் என்பது இழப்பு இல்லை, தயாரிப்பு. மனம் உள்ளவன் செய்யும் வேலை அது. படை பின்வாங்கலாம், வாக்குக் கொடுத்தவன் பின்வாங்கலாம், கிடா பின்வாங்கலாம். மனம் இல்லாத பனிக்கும் ஏரிக்கும் அது ஒட்டாது. பருவக்காற்றுக்குக்கூட "விலகியது" என்று வானிலைச் செய்தியில் சொல்வது இதனால்தான் காதுக்கு இதமாக இருக்கிறது.

அரசியல் செய்திக்கு இன்னும் இரண்டு: கோரிக்கை நீர்த்துப்போகும், போராட்டம் பிசுபிசுக்கும். இரண்டாவதை யார் கண்டுபிடித்தார்களோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

வரப்புநண்டு

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், தமிழ் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் ஒரு சந்தேகம். "குறைந்துகொண்டே வருகிறது", "குறைந்துகொண்டே போகிறது". இரண்டும் ஒன்றா? மாணவர்கள் கேட்டால் நான் மழுப்புகிறேன்.

பழையசோறு

ஒன்று இல்லை. "அப்பாவுக்குச் சர்க்கரை குறைஞ்சிட்டே வருது" என்றால் சந்தோஷம். "எடை குறைஞ்சிட்டே போகுது" என்றால் பயம். போகுதுவில் கை நழுவுகிற மாதிரி இருக்கிறது.

வரப்புநண்டு

ஆனால் "காடுகள் அழிந்து வருகின்றன" என்பதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது?

ஓய்களிறு

இன்பதுன்பத்தைவிட நிற்கும் இடம்தான் அடிப்படை என்று நினைக்கிறேன். வா என்றால் முன்பிருந்து இன்றைய நாள் வரைக்கும் கணக்கு. பேசுகிறவர் இந்த முனையில் நின்று பார்க்கிறார், அறிக்கை கொடுக்கிறார். போ என்றால் இன்றிலிருந்து அப்பால், எல்லை தெரியாத பக்கம். அதனால்தான் அதில் கவலை சேர்ந்துகொள்கிறது. செய்தித்தாள் வருகிறது என்கிறது, வீட்டில் போகிறது என்கிறோம்.

"கொண்டே" இல்லாமல் வெறுமனே ஒட்டும் போ வேறு. வாடிப்போனது, சுருங்கிப்போனது, மங்கிப்போனது. அங்கே நடந்து முடிந்துவிட்டது, இனி பழையபடி ஆகாது என்ற தொனி. "பூ வாடியது" என்றால் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். "வாடிப்போனது" என்றால் குப்பைக்கூடை.

பழையசோறு

அப்பளத்துக்கும் அதே கதைதான். "நமுத்துப்போச்சு" என்றுதான் சொல்வோம், "நமுத்தது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீரும் குறையவில்லை, அப்பளமும் குறையவில்லை, மொறுமொறுப்பு மட்டும் போனது. அதற்கென்று ஒரு வினை! எங்கள் பாட்டி ஊரில் "பதத்துப்போச்சு" என்பார்கள்.

முகத்தைப் பாருங்கள். பசியில் வாடும். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் சுண்டிப்போகும். பிடிக்காத ஆள் வந்தால் சுருங்கும். நாலு பேர் முன்னால் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் சிறுத்துப்போகும். பயத்தில் வெளிறும். "முகம் குறைந்தது" என்று சொல்ல வழியே இல்லை. கதை எழுதுகிறவர்கள் எல்லா இடத்திலும் "முகம் வாடியது" என்றே போட்டுவிடுகிறார்கள். பொண்ணுக்குப் பசியா, அவமானமா என்று எனக்குத் தெரியவே மாட்டேன் என்கிறது.

வரப்புநண்டு

இதை நாளைக்கே வகுப்பில் போடுகிறேன் அக்கா. ஐந்து முகம், ஐந்து வினை.

பருத்திக்காடு

கடைசியாக ஒன்று. இதுவரை எல்லாமே கெட்ட குறைவு. கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒரு நல்ல குறைவு வருகிறது. 2005-இல் கசகஸ்தான் பக்கம் கோக்-அரால் அணையைக் கட்டி முடித்தார்கள். சிர் தாரியா நீர் தெற்கே ஓடி வீணாகாமல் வடக்கு ஏரலிலேயே தங்கியது. மட்டம் ஏறியது, மீன் திரும்பியது, உப்பு "குறைந்தது". அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் வழி தெரியவில்லை. உப்பு மங்கியது, தேய்ந்தது என்றெல்லாம் எழுதினால் அழுகிற மாதிரி இருக்கிறது.

காய்ச்சல்கட்டில்

செவிலியர் வேலை பார்க்கிறேன், எங்களிடம் நல்ல குறைவுக்குத்தான் சொற்கள் அதிகம். காய்ச்சல் விட்டது, இறங்கியது. வலி மட்டுப்பட்டது. வீக்கம் வடிந்தது. எரிச்சல் அடங்கியது. இருமல் தணிந்தது. புண் ஆறியது. நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் "காய்ச்சல் குறைஞ்சிருக்கு" என்றால், இன்னும் இருக்கிறதா என்று முகத்தையே பார்ப்பார்கள். "விட்டிருச்சு" என்றால் அடுத்த நிமிடம் கஞ்சி வாங்க ஆள் ஓடும்.

உங்கள் உப்பு முழுக்கப் போகவில்லை என்றால் விட்டது வேண்டாம். தணிந்தது நன்றாக இருக்கும்.

மேட்டுமடை

தணிந்தது என்றால் உப்புக்குக் கோபம் வந்து ஆறியது போல இருக்கிறதே. மேலே "உப்பு ஏறியது" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? ஏறினது இறங்கட்டும்.

காய்ச்சல்கட்டில்

அதுவும் சரிதான். சர்க்கரைக்கு நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

பருத்திக்காடு

"வடக்கு ஏரலில் நீர் ஏறியது, உப்பு இறங்கியது." திருத்துகிறவருக்கு அனுப்பிவிட்டேன். மொய்னாக் ஊரிலிருந்து ஆட்கள் வெளியேறிய பத்தி இன்னும் பாக்கி இருக்கிறது. "மக்கள்தொகை குறைந்தது" என்ற இடத்தில் "ஊர் காலியானது" போடலாம் என்று பார்த்தால், இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஐயா, உள்ளதன் நுணுக்கம் ஊருக்கும் பொருந்துமா?

ஓய்களிறு

பொருந்தும். "ஊர் மெலிந்தது" என்று எழுதிப் பாருங்கள். கோடு போட்டு அனுப்பினால் என் பெயரைச் சொல்லுங்கள்.